இடப்பக்கம் சாயும் ஜீப்புகள்

ஜீப் பட்டறைக்காரர் ஜாக்கி, இடப்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளைத் திருடி விற்கிறார் என்ற செய்தி எனக்குச் சலூனில் கிடைத்தது. கழுத்தில் கத்தி இருக்கும்போது சொல்லப்படும் எதையும் நான் மறுத்துப் பேசுவதில்லை.

"வண்டியைத் தூக்கித் தர்றேன்னு ரெண்டு பக்கத்துக்கும் காசு வாங்கிக்கறாரு. வலப்பக்கம் புதுப் பட்டை. இடப்பக்கம் பழசுக்கே எண்ணெய் தடவி, பளபளன்னு மாட்டிடறாரு. அப்ப மிச்சமாகிற புதுப் பட்டை எங்க போகுதுங்கறீங்க?" என்றார் சலூன்காரர்.

"எங்க போகுது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

இதற்கு மேல் ஆதாரம் எதற்கு? நாற்காலியில் காத்திருந்த இருவர் தலையாட்டினார்கள். ஒருவர், தன் பங்குக்கு, ஜாக்கி வீட்டில் புதிதாக ஃபிரிட்ஜ் வந்திருக்கிறது என்றார். அது பழைய ஃபிரிட்ஜ், அவர் மாமியார் வீட்டிலிருந்து வந்தது என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் அன்றைக்கு அந்த ஃபிரிட்ஜ் முழுக்கத் திருட்டுப் பட்டைகள்தான் இருந்தன.

வண்டியைத் தூக்குவது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஊர் முடிகிற இடத்தில் மலைப்பாதை தொடங்குகிறது. பாதை என்பது மரியாதைக்குச் சொல்வது, கல்லும் குழியும்தான். ஜீப்பின் அடிவயிறு கல்லில் இடிக்காமல் இருக்க, அச்சுக்கும் உடம்புக்கும் நடுவில் கூடுதல் பட்டைகளும் இரும்புக் கட்டைகளும் கொடுத்து ஒரு சாண் உயர்த்துவார்கள். மலையேறும் வண்டிக்கு இது பிழைப்பு. மலையேறாத வண்டிக்கு இது அழகு. பல் டாக்டர் தன் ஜீப்பைத் தூக்கிவிட்டு, ஏறுவதற்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் பின்சீட்டிலேயே வைத்திருக்கிறார். அவருடைய மாமியாரால் அதில் ஏற முடியவில்லை, வருவதையே நிறுத்திவிட்டார். அதைக் கேள்விப்பட்ட இரண்டு பேர் அடுத்த வாரமே ஜாக்கியின் பட்டறை வாசலில் வண்டியோடு நின்றார்கள்.

பேப்பரில் ஒரு திருடனைப் பற்றி எழுதப்போகிறோம் என்ற உற்சாகத்தில் நேராக ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே எனக்கு முதல் அதிர்ச்சி.

ஸ்டாண்டில் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். தினமும் பார்க்கிற காட்சி. ஆனால் அன்றைக்குத்தான் பின்னாலிருந்து, குனிந்து, ஒரு காரியமாகப் பார்த்தேன். ஏறக்குறைய அத்தனை ஜீப்பும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்கிற மாதிரி, எல்லாம் ஒரே பக்கமாகக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றன. இதை எப்படி இத்தனை நாள் பார்க்காமல் இருந்தேன்? ஒரு ஊரே சாய்ந்த வண்டியில் போய் வந்துகொண்டிருக்கிறது. நேராகப் போவதாகச் சொல்லிக்கொண்டும் இருக்கிறது.

"என்ன சார், கண்ணாடியைத் தொலைச்சுட்டீங்களா?" என்று குரல் கேட்டது.

கேட்டவரை ஊரில் எல்லோரும் மாப்பிள்ளை என்பார்கள். ஜாக்கியின் மனைவிக்குத் தம்பி. ஜாக்கி அவரை நாள் முழுக்க மாப்ளே, மாப்ளே என்று கூப்பிட்டு, கடைசியில் ஊருக்கே மாப்பிள்ளையாகிவிட்டார். மலை மேல் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் காலையில் நர்சுகளை ஏற்றிப்போய், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவது அவர் வேலை.

"உங்க மாமா இடப்பக்கம் பழைய பட்டை போடுறாராமே?" என்று கேட்டேன். சுற்றி வளைப்பது எனக்குப் பிடிக்கும், அன்றைக்கு அவசரம்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. தன் ஜீப்பின் அடியில் என்னைக் குனியச் சொன்னார். "பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே கம்பெனி, ஒரே புதுசு. என் கண் முன்னாடி டப்பாவைப் பிரிச்சாரு. மாமா திருடற ஆளா இருந்தா எனக்கு நிம்மதி சார். காரணமாவது தெரிஞ்சிருக்கும்."

ஒரு திருடன் கையை விட்டு நழுவினான். எனக்குச் சற்று வருத்தம்தான்.

மாப்பிள்ளையின் சங்கடம் வேறு. மலை ஏறும்போது பள்ளம் இடப்பக்கம் இருக்கும். வண்டியும் இடப்பக்கமே சாய்ந்தால், அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு மடியில் பள்ளத்தை வைத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். நர்சுகள் இடப்பக்கம் உட்கார மாட்டோம் என்றுவிட்டார்கள். எல்லோரும் வலப்பக்கத்து நீளச் சீட்டில் ஒருவர் மேல் ஒருவராக இடித்துக்கொண்டு போகிறார்கள். பெரிய நர்ஸ் ஒருவர், உட்கார இடமில்லாமல், சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் பாதி நின்றுகொண்டே போகிறாராம். ஆஸ்பத்திரி மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: மாதக் கடைசிக்குள் வண்டியை நிமிர்த்து, இல்லையென்றால் வேறு வண்டி வரும்.

"மாமாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். ரெண்டு தடவை உள்ள விட்டுப் பாத்துட்டாரு. வண்டி சரியாத்தான் இருக்குங்கறாரு. எனக்குத்தான் ஓட்டத் தெரியலையாம். இடது சக்கரத்தைக் குழியில விட்டு விட்டுப் பட்டையைப் படுக்க வெச்சுட்டேனாம். வீட்டுல எல்லாரும் உக்காந்திருக்கும்போது, என் மாமனார் எதிரிலேயே சொல்றாரு. 'மாப்ளே, ஸ்டியரிங்கைக் கையால பிடி, வாயால பிடிக்காத'ன்னு."

பக்கத்து ஜீப்பில் படுத்திருந்த வயசான டிரைவர் எழுந்து உட்கார்ந்தார். "என் வண்டியும் ஜாக்கி தூக்கினதுதான். ஆரம்பத்துல தூக்கினது. நேராத்தானே நிக்குது. ஓட்டுறதைப் பொறுத்துதான்" என்றார்.

மாப்பிள்ளை முகம் சிவந்தது. ஆனால் கிழவர் சொன்னதில் பாதி நிஜம். ஜாக்கி தொழில் தொடங்கிய புதிதில் தூக்கிய வண்டிகள் நேராகவே நின்றன. பிறகு தூக்கியவை லேசாகச் சாய்ந்தன. போன மாதம் தூக்கியவை நன்றாகவே சாய்ந்தன. வருஷத்துக்கு வருஷம் எங்கள் ஊர் டிரைவர்களின் கை மோசமாகிக்கொண்டே வருகிறது என்று முடிவு கட்டலாம். கட்டியும் விட்டேன். அப்புறம் வரிசையின் கடைசியில் இருந்த ஒரு ஜீப்பைப் பார்த்தேன். அது வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

எனக்குப் புரியவில்லை என்பதைவிட, லேசாகப் பயமாக இருந்தது என்பது சரி.

"இது யாரு தூக்கினது?"

"அதுவும் ஜாக்கிதான்" என்றார் கிழவர். "அந்த வண்டிக்கு அப்ப முன்பக்கம் வெல்டிங் வேலையும் இருந்துச்சு. வெல்டிங் மெஷின் வாசல்ல. மூக்கு வெளிய இருக்கட்டும்னு வண்டியைப் பின்னாடியே உள்ள விட்டாங்க. அதனால என்ன?"

அதனால் என்ன என்று எனக்கும் தெரியவில்லை. மாப்பிள்ளையின் ஜீப்பில் ஏறிப் பட்டறைக்குப் போனேன். இடப்பக்கம் உட்கார்ந்தேன். திருப்பத்துக்குத் திருப்பம் கதவைப் பிடித்துக்கொண்டேன். சமதரையில்தான் போனோம் என்பது வேறு விஷயம்.

ஜாக்கிக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. மனைவிக்கே அது சட்டென்று ஞாபகம் வராது. லாரிப் பட்டறையில் சேர்ந்த புதிதில், லாரிக்கு ஜாக்கி கொடுப்பதில் அவரைப்போல ஆள் கிடையாதாம். லாரி தன்னைத் தூக்குகிறார்கள் என்று தெரியாமலே மேலே போய்விடுமாம். இது அவரே சொன்னது. அதற்குப் பிறகு தனியாக வந்து, வீட்டை ஒட்டின கொட்டகையில் பட்டறை போட்டார். ஒரு வண்டி நிற்கிற இடம்தான். உள்சுவரை ஒட்டி நீள மேஜை, அதன் மேல் ஸ்பேனர்கள் உயர வரிசையில். வலப்பக்கச் சுவரில் ஒரு கதவு. அதைத் திறந்தால் அவர் வீட்டுச் சமையலறை. மேஜை உள்ளே இருப்பதால் எல்லா வண்டியும் மூக்கை நீட்டிக்கொண்டு நேரே உள்ளே போகும், பின்னாலேயே வெளியே வரும்.

அவருடைய பெருமை ஒரு ரசமட்டம். வீடு கட்டும்போது கொத்தனார் மறந்து விட்டுப்போனது. அவர் திரும்ப வந்து கேட்டபோது, கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு இதைத் தானே வைத்துக்கொண்டார், கைக்குப் பழகிவிட்டதாம். சின்னக் கண்ணாடிக் குழலில் பச்சைத் தண்ணீர், அதற்குள் ஒரு காற்றுக் குமிழி. குமிழி நடுவில் நின்றால் மட்டம். மற்றப் பட்டறைக்காரர்கள் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு வரை டேப் பிடித்து, இரண்டு பக்கமும் ஒன்றா என்று பார்ப்பார்கள். ஜாக்கி அவர்களைப் பார்த்துச் சிரிப்பார். இவர் வண்டியைத் தூக்கி முடித்ததும் பானெட்டின் குறுக்கே ரசமட்டத்தை வைப்பார். குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்து ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு தகடு கொடுப்பார். நடுவுக்கு வரும்வரை கொடுப்பார். வந்ததும், வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவார். "டேப்பை இழுத்துப் பிடிச்சா ஒரு கணக்கு, தளர்த்திப் பிடிச்சா ஒரு கணக்கு. குமிழிகிட்ட அந்த வேலையெல்லாம் நடக்காது" என்பார். வண்டிக்காரர் குமிழியைப் பார்த்துக் கும்பிடாத குறைதான்.

நாங்கள் போனபோது பட்டறை காலி. மாப்பிள்ளை ஜீப்பை உள்ளே விட்டார். ஜாக்கி என்னைப் பார்த்ததும், "வாங்க சார். இவரு உங்களையும் கூட்டிட்டு வந்துட்டாரா? அடுத்து யாரு, கோர்ட்டா?" என்றார்.

"மாமா, இன்னொரு தடவை பாத்துடுங்க. இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு" என்றார் மாப்பிள்ளை.

ஜாக்கி ரசமட்டத்தை வேட்டைத் துப்பாக்கி மாதிரி துடைத்து பானெட்டில் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. ஆடக்கூட இல்லை.

"பாருங்க சார். நீங்க பேப்பர்ல எழுதற ஆளு, நீங்களே சொல்லுங்க. இது சாய்வா?"

ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் கதவைப் பிடித்துக்கொண்டு வந்த வண்டி, இங்கே கல்யாண மேடையில் உட்கார்ந்த மாதிரி நேராக நிற்கிறது. சாய்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேனா, இல்லை சலூன் கத்தி கழுத்தில் பட்ட பயமா?

"இங்க நேரா நிக்குது மாமா. ரோட்டுக்குப் போனா சாயுது."

"அப்ப ரோடு சரியில்லை. ரோடுன்னா நடுவுல உயரம், ஓரத்துல தாழ்வு. இடப்பக்கமா ஓட்டுற வண்டி இடப்பக்கம்தான் சாயும். அதுக்கு மேல நீ குழியில விட்டு விட்டு எடுக்கற."

"ஸ்டாண்டுல ரோடு மேடு பள்ளம் இல்லையே மாமா."

"அப்ப ஸ்டாண்டும் சரியில்லை."

இவ்வாறாக ஊரில் இருக்கிற தரையெல்லாம் கோணல் என்று தீர்ப்பாகிக்கொண்டிருந்தபோது, சமையலறைக் கதவு திறந்தது. ஜாக்கியின் மனைவி கையில் துடைப்பத்தோடு நின்றார். என்னைப் பார்த்ததும் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார், துடைப்பத்தை அல்ல.

"வாங்கண்ணே. நீங்களே பாருங்க இந்த அக்கிரமத்தை. இங்க ஒரு சொட்டு ஆயில் சிந்தினா அது நேரா கதவுக்கு அடியில புகுந்து என் அடுப்புகிட்டதான் வரணுமா? வாசப்பக்கம் போனா ஆகாதா?"

"சிந்தறது சகஜம்மா. பட்டறைன்னா ஆயில் இருக்கும்" என்றார் ஜாக்கி.

"இருக்கட்டும். ஏன் எப்பவும் என் பக்கமே வருதுன்னுதான் கேக்கறேன். நாலு வருஷமா கேக்கறேன். முதல்ல கதவு வரைக்கும்தான் வரும். போன வருஷம் உள்ள எட்டிப்பாத்துச்சு. இப்ப அடுப்பு வரைக்கும் வந்து என்ன சமையல்னு கேக்குது."

சொல்லிக்கொண்டே, தரையில் கிடந்த ஆயிலைத் துடைப்பத்தால் இடப்பக்கமாகத் தள்ளினார். அது தள்ளின தூரம் போயிற்று. நின்றது. பிறகு, அவசரமில்லாமல், திரும்பி அவரை நோக்கியே வந்தது.

மாப்பிள்ளை அந்த ஆயிலைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பானெட்டைப் பார்த்தார்.

"அக்கா, இது எப்பவுமே உன் பக்கமாத்தான் வருமா?"

"உங்க மாமாவுக்கு நான் சொல்றது காதுல விழுந்திருந்தா உனக்குச் சொல்ல வேண்டி வந்திருக்காதுடா."

மாப்பிள்ளை பானெட்டிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார். ஜாக்கியைத் தவிர யாரும் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை குனிந்து, ஜீப்பின் மூக்குக்கு முன்னால், வெறும் தரையில், குறுக்காக அதை வைத்தார்.

குமிழி ஒரே ஓட்டமாக ஓடி இடது முனையில் ஒட்டிக்கொண்டது.

ஜாக்கி மண்டியிட்டு உட்கார்ந்தார். ரசமட்டத்தை எடுத்து முன்பின்னாகத் திருப்பி, அதே இடத்தில் மறுபடி வைத்தார். மட்டம் பழுதாக இருந்தால் குமிழி இப்போது வேறு பக்கம் போக வேண்டும். போகவில்லை. தள்ளி வைத்தார். இன்னும் தள்ளி வைத்தார். கதவு பக்கம் போகப் போகத் தரை இன்னும் கீழே இருந்தது. மனுஷன் முகத்தில் ரத்தமே இல்லை. நான் ஒரு முகம் அப்படி வெளிறி அதற்கு முன் பார்த்தது, தன் கையெழுத்தைத் தானே எதிர்த்தரப்பு வக்கீல் கையில் பார்த்த ஒருவரிடம்தான்.

நடந்தது இதுதான். பட்டறை போடுவதற்கு முன் அந்தக் கதவோரம் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதை இடிசலும் மண்ணும் போட்டு மூடி, மேலே சிமெண்ட் பூசினார்கள். உள்ளே மண் அமுங்க அமுங்க, வருஷத்துக்குக் கொஞ்சமாக, வலப்பக்கத் தரை இறங்கியது. உள்ளே வரும் வண்டியும் வலப்பக்கம் இறங்கி நின்றது. ஜாக்கி வண்டிதான் சாய்கிறது என்று நினைத்து வலப்பக்கம் தகடு கொடுத்துக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தார். வண்டி அந்தத் தரைக்கு நேரானது. வெளியே, நேரான தரைக்கு வந்ததும், தூக்கின வலப்பக்கம் உயர்ந்து இடப்பக்கம் சாய்ந்தது. பின்னாலேயே உள்ளே போன ஒரு வண்டி மட்டும் மறுபக்கம் சாய்ந்தது. டேப் பிடிக்கிற பட்டறைக்காரனாக இருந்திருந்தால் முதலில் சாய்ந்த வண்டியிலேயே கண்டுபிடித்திருப்பார். குமிழியை நம்பினவர் அதைத் தரையில் மட்டும் வைக்கவே இல்லை. தன் காலுக்கடியில் இருப்பதை யார்தான் அளக்கிறார்கள்?

"பாத்திரம் கழுவுற தண்ணி அந்த மூலையிலதானே போகுது" என்றார் ஜாக்கி, மெதுவாக.

அவர் மனைவி அவரையே பார்த்தார். ஜாக்கி அந்த வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

பிறகு பெயர் சொல்ல ஆரம்பித்தார். எங்களிடம் இல்லை; தரையிடம். "பல் டாக்டர் வண்டி. ஐஸ் கம்பெனி வண்டி. மரக்கடைக்காரர் ரெண்டு வண்டி. அந்த டீச்சர் வீட்டு வண்டி." ஒவ்வொரு வண்டிக்கும் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. எல்லாவற்றையும் குமிழி காட்டி அனுப்பியிருந்தார். எத்தனை பேரைப் பார்த்து ஓட்டத் தெரியவில்லை என்று சொல்லியிருப்பார் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற இடமில்லை அது.

"மாப்ளே, வண்டியை எடு" என்றார் கடைசியில்.

லாரி எடை மேடைக்குப் போனோம். ஊரில் நிஜமாகவே சமமான தரை அது ஒன்றுதான். இல்லாவிட்டால் எடை தப்பும். மேடைக்காரர் லாரி இல்லாத நேரம் பார்த்து எங்களை உள்ளே விட்டார். ஜீப் மேலே ஏறி நின்றதும், ரசமட்டம் தேவைப்படவில்லை. வெறும் கண்ணுக்கே தெரிந்தது. மேடைக்காரர்கூட, "என்ன ஜாக்கி, வண்டிக்குக் கழுத்து சுளுக்கா?" என்றார். ஜாக்கி முதுகைத் தரையில் கொடுத்து, இடப்பக்கம் வண்டிக்கடியில் நுழைந்தார்.

சாய்ந்த வண்டியில் தாழ்ந்த பக்கத்துக்குத்தான் எப்போதும் வேலை அதிகம். பாரம் அந்தப் பக்கம் இறங்கும். ஒவ்வொரு குழிக்கும் அந்தப் பக்கத்துப் பட்டை முழுதாகப் படுத்து எழும். பட்டையைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் கிழியும், ஷாக் அப்சார்பர் ஒழுகும். தேயத் தேய இன்னும் சாயும், சாயச் சாய இன்னும் தேயும். இதெல்லாம் ஜாக்கி உள்ளே இருந்துகொண்டே சொன்னது. சொல்லிக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டார்.

"மாமா. தூங்கிட்டீங்களா?"

ஒரு கை மட்டும் வெளியே வந்தது. "டார்ச் குடு."

டார்ச் உள்ளே போயிற்று. பிறகு, "சார், நீங்களும் குனிஞ்சு பாருங்க" என்றார். குனிந்தேன். பின்பக்க இடது ஸ்பிரிங்கில், மொத்தப் பாரத்தையும் தாங்குகிற முதல் பட்டையில், பட்டைகளை அச்சோடு இறுக்குகிற யூ போல்ட்டை ஒட்டி, ஒரு தலைமுடி கிடந்தது. ஊதினேன், போகவில்லை. விரிசல். பட்டையின் பாதி அகலம் வரை வந்திருந்தது.

பள்ளம் இடப்பக்கம் இருக்கிற பாதையில், இடப்பக்கத்து முதல் பட்டை பாதி வெட்டுப்பட்ட வண்டி, தினமும் நர்சுகளோடு.

ஜாக்கி வெளியே வந்து எழாமல் அப்படியே உட்கார்ந்தார். "இன்னைக்குக் காலையில எத்தனை பேரு இதுல ஏறினாங்க?"

"வழக்கமா ஏறுற எல்லாரும்தான்" என்றார் மாப்பிள்ளை. "ஆனா எல்லாரும் வலப்பக்கம்தானே உக்காருறாங்க மாமா. இடப்பக்கம் யாருமே உக்காரலை. அதனாலதான் இது இத்தனை நாள் தாங்கியிருக்கு."

நர்சுகள் பயந்தாங்கொள்ளிகள் என்று மேனேஜர் கேலி செய்திருந்தார். ஸ்டாண்டில் சிரித்திருந்தார்கள். நானும் அன்று காலையில் சிரித்தவன்தான். அந்தப் பயம் இல்லாமல் அவர்கள் நியாயமாக இரண்டு பக்கமும் பிரிந்து உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மூன்று பேரும் யோசித்தோம். மேடைக்காரர் மட்டும், "லாரி வருது, இறக்குங்க" என்றார்.

அன்றைக்கு மாப்பிள்ளை அந்த வண்டியை ஓட்டவில்லை. கயிறு கட்டி, காலிவண்டியாக இழுத்துக்கொண்டு போனார்கள். நர்சுகளைக் கூட்டிவர ஸ்டாண்டு கிழவரை அனுப்பினார்கள். அவர் வண்டிதான் நேராக நின்றது. அதை அவர் போகிற வழியெல்லாம் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே போனார்.

ஜாக்கி பட்டறையில் முதலில் தரையைத்தான் பிடித்தார். வலப்பக்கச் சக்கரம் நிற்கிற இடத்தில் கனத்த இரும்பு ஷீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ரசமட்டத்தைத் தரையிலேயே வைத்து, குமிழி நடுவுக்கு வந்த பிறகுதான் மாப்பிள்ளையின் ஜீப்பை உள்ளே ஏற்றினார். பழைய தகடுகளைக் கழற்றினார். இடப்பக்கம் பட்டை, புஷ், ஷாக் எல்லாம் புதிது. எல்லாம் முடிந்ததும் பானெட்டில் ரசமட்டம் வைத்தார். அப்புறம், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மனைவியின் தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து வந்து சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தார். அவர் மனைவி சமையலறைக் கதவிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மாதக் கடைசிக்கு முன்னாலேயே வண்டி மலை ஏறியது. மேனேஜர் மேலே கேட்டில் நின்று பார்த்தார். அதற்கு முன், கீழே, நர்சுகள் வலப்பக்கமே ஏறினார்கள். பாதி நின்றுகொண்டு போகிற பெரிய நர்ஸ் வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். குனிந்து பார்த்தார். பிறகு இடப்பக்கம் போய், பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணைத் திறக்கும்போது ஆஸ்பத்திரி வந்திருந்ததாம். மறுநாள் இரண்டு பேர் அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். வேலை மாப்பிள்ளையிடமே இருக்கிறது.

ஜாக்கி அதற்குப் பிறகு வீடு வீடாகப் போனார். "தரை இறங்கினதை நான் பாக்கலை. தப்பு என்னோடது. வண்டியைக் கொண்டாங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். சலூனுக்குப் போய், எல்லோர் முன்னாலும் சொன்னார். சலூன்காரருக்கு மிகுந்த ஏமாற்றம். திருட்டு என்றால் ஒரு வருஷம் பேசலாம். தரை இறங்கியதை எத்தனை நாள் பேச முடியும்? ஆனால் எல்லோரும் வண்டியைக் கொண்டுவரவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். பல் டாக்டர், தூக்கின ஜீப் என்றால் இடப்பக்கம் சாய்வதுதான் இப்போது ஸ்டைல், ஊரில் எல்லாம் அப்படித்தானே நிற்கிறது என்றார். அடியில் என்ன தேய்கிறது என்று ஜாக்கி படம் போட்டு விளக்கினார். டாக்டர், பல்லுக்குத் தான் சொன்னால் யார் கேட்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டார். மரக்கடைக்காரர் நிமிர்த்தின வண்டியை எடுத்துப்போய், மறுநாளே வந்து, இப்போது வலப்பக்கம் சாய்கிற மாதிரி இருக்கிறது என்றார். பழகிவிட்டது அவருக்கு.

தப்பு என்னோடது என்று எல்லோரிடமும் சொன்ன அந்த ஒரு வார்த்தையை ஜாக்கி ஒரே ஒருவரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லிவிட்டார், அதாவது, கதவடியில் சிமெண்டால் ஒரு வரப்பு கட்டிக் கொடுத்தார், அவர் அதைச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார். ஆனால் ஓட்டத் தெரியாதவன் என்று மாமனார் எதிரில் சொன்னது சொன்னபடியே நிற்கிறது. ஒரு தடவை மனைவி மூலமாகச் சொல்லியனுப்பப் பார்த்தார். "என் தம்பிகிட்ட ஓட்டத் தெரியலைன்னு சொல்லும்போது என்னையா தூது அனுப்புனீங்க?" என்றுவிட்டார் அவர்.

மாப்பிள்ளையிடம் நானே கேட்டேன். வண்டியெல்லாம் சரி செய்து கொடுத்துவிட்டார், அதற்குமேல் என்ன என்று.

"வண்டிக்குச் செஞ்சது வண்டிக்கு" என்றார். "எனக்கு வரவேண்டியது வரட்டும் சார். அவசரமில்லை. மாமனாரும் கூட இருக்கும்போது வந்தாப் போதும்."

போன வாரம் ஜாக்கி வீட்டில் சாப்பிட என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் மாமனாரும் இருந்தார். சாப்பாட்டுக்கு நடுவில் ஜாக்கி தொண்டையைக் கனைத்தார். எல்லோரும் கையை நிறுத்தினோம். அவர் மனைவி கரண்டியோடு அப்படியே நின்றார்.

"மாப்ளே" என்றார் ஜாக்கி.

"சொல்லுங்க மாமா."

அவர் தட்டைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார்.

"அந்த இடது ஷாக் ஏதும் சத்தம் குடுக்குதா?"

"இல்ல மாமா."

"குடுத்தா சொல்லு."

"சொல்றேன் மாமா" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளை குழம்பை ஊற்றிக்கொண்டார்.